டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் தெருவுக்குத் தார் வரும் வழி

தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் இங்கே வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். டர்பனின் கோடை வெயிலில் தார் கொதிக்கும். அதை விரதமிருந்து, வேண்டிக்கொண்டு தாங்கிவிடுகிறார்கள். ஆனால் பெயர்ந்து கிடக்கும் ஜல்லி, உடைந்த ஓரக்கல், மூடி காணாமல் போன மழைநீர்க் குழி இவையெல்லாம் நேர்த்திக்கடனில் சேராது. போன முறை எங்கள் ஊர்வலத்தில் பால்குடம் சுமந்து வந்த ஒரு அக்கா நடைபாதை விளிம்பில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அந்த இடம் எத்தனை நாளாக அப்படிக் கிடந்தது, அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சேர்த்து. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு வருகிறேன்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்காக இங்கே வந்து சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மியர்பேங்க்கிலோ வீடு எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் வார்டு, சொத்து வரி, கிராம சபை எல்லாம் பார்த்தவர்கள்தானே நாம். இங்கேயும் அதே மாதிரிச் சாமான்கள்தான், அடுக்கி வைத்திருக்கும் விதம் வேறு. முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உங்கள் கண்ணில் படும் பள்ளத்தை மூடும் பணம் போன மே மாதமே ஒதுக்கியாகிவிட்டது. அதனால் இரண்டு வேலை செய்ய வேண்டும்: இன்றைய பள்ளத்துக்குப் புகார், அடுத்த ஆண்டின் சாலைக்கு மனு. பெரும்பாலானோர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் படி: சாலை யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் அரசு மூன்று அடுக்கு. சாலையும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. என்2, என்3 போன்ற தேசிய நெடுஞ்சாலைகள் சான்ரால் என்கிற தேசியச் சாலை நிறுவனத்தின் பொறுப்பு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது அது. பி, டி என்ற எழுத்தோடு எண் போட்ட சாலைகள் குவாசுலு-நட்டால் மாகாணப் போக்குவரத்துத் துறையுடையவை. குடியிருப்புத் தெருக்களும் அவற்றின் நடைபாதைகளும் மழைநீர் வடிகால்களும் நகராட்சியுடையவை. அரசியலமைப்புச் சட்டத்தின் 4ஆம், 5ஆம் அட்டவணைகளின் இரண்டாம் பகுதிகளிலேயே அது எழுதியிருக்கிறது. டர்பனில் நகராட்சி என்றால் எத்தெக்வினி. நாட்டின் எட்டு பெருநகராட்சிகளில் ஒன்று. வடக்கே டோங்காட், வெருலம் முதல் தெற்கே இசிப்பிங்கோவையும் தாண்டி எல்லாம் இதற்குள் அடக்கம்.

எம் என்ற எழுத்தோடு வரும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வழிகாட்டுவதற்கான எண், உரிமையாளரைச் சொல்லும் எண் அல்ல. சந்தேகம் இருந்தால் நகராட்சியிடமே கேட்டுவிடுவது நல்லது. அப்புறம், கேட் போட்ட குடியிருப்பு வளாகத்துக்குள் இருக்கும் சாலை பெரும்பாலும் தனியார் சாலை. அதற்கு நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகையிலிருந்துதான் செலவு. அங்கே பள்ளம் என்றால் குடியிருப்போர் நிர்வாகத்தைப் பிடிக்க வேண்டும். நகராட்சி வராது.

நகராட்சிக்கு உள்ளேயும் ஒரு பிரிவினை உண்டு. பள்ளமும் வடிகாலும் சாலை, மழைநீர்ப் பராமரிப்புப் பிரிவுக்குப் போகும். சிக்னல் விளக்கும் வேகத்தடையும் எத்தெக்வினி போக்குவரத்து ஆணையத்துக்குப் போகும். சிக்னலை இங்கே ரோபோ என்பார்கள். முதல் வாரத்தில் எனக்கு அது புரியவே இல்லை. தெருவிளக்கு மின்சாரப் பிரிவுடையது. தார் நடுவே நீர் ஊறிக்கொண்டிருந்தால் முதலில் போக வேண்டியது குடிநீர்ப் பிரிவுக்கு. குழாய் ஒழுகும்போது மேலே தார் ஊற்றி என்ன பயன்?

இரண்டாம் படி: பழுதை உற்றுப் பாருங்கள்

"ரோடு மோசம்" என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அது நகராது. என்ன மோசம் என்று சொல்ல வேண்டும்.

தார்ச்சாலை என்பது மேலே தெரியும் கறுப்புத் தோல் மட்டுமல்ல. அதன் கீழே ஜல்லி அடுக்கு, அதன் கீழே இறுக்கிய மண். சுமையைத் தாங்குவது அந்தக் கீழ் அடுக்குகள். மேலே உள்ள தாரின் முக்கிய வேலை தண்ணீரைக் கீழே விடாமல் இருப்பது. வெயிலில் காய்ந்து காய்ந்து தார் இறுகும், முடியளவு விரிசல் விடும். மழைநீர் அதற்குள் இறங்கும். ஈரமான ஜல்லி அடுக்கின்மேல் பேருந்தோ லாரியோ ஏறும்போது அடியில் நசுங்கும். மேலே முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக விரிசல் தெரியும். இங்கே பொறியாளர்களும் அதை முதலை விரிசல் என்றே சொல்கிறார்கள். அடுத்த மழையில் அந்தக் கட்டங்கள் பெயர்ந்து பள்ளமாகிவிடும்.

டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. போதாததற்கு நகரத்தின் மேட்டுப் பகுதிகள் பலவற்றில் பெரியா செம்மணல் இருக்கிறது. தண்ணீர் பட்டால் கரைந்து ஓடக்கூடிய மண் அது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மண் சரிந்து சாலைகள் பாதி பாதியாக அறுந்து தொங்கின. இந்த ஊரில் சாலையைப் பற்றிப் பேசினால் தண்ணீரைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

டர்பனுக்கு வருவதற்கு முன் இந்த நாட்டின் உட்பகுதியில் ஒரு சிறு நகரத்தில் இரண்டு ஆண்டு இருந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை வந்து மூடினார்கள், மூன்று முறையும் பெயர்ந்துவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு போய்ப் பார்த்தோம். பத்தடி மேலே ஓரக்கல்லில் மழைநீர் இறங்கும் வாய் முழுக்க மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் சாலையின் மேலேயே ஓடி, அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கிக்கொண்டிருந்தது. வாயைச் சுத்தம் செய்யச் சொல்லித் தனியாக ஒரு புகார் கொடுத்தோம். அது நடந்த பிறகு போட்ட ஒட்டு நான் ஊரை விட்டு வரும்வரை அசையவில்லை.

ஆகவே பள்ளத்தைப் படம் எடுக்கும்போது நாலு பக்கமும் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது? வடிகால் வாய் திறந்திருக்கிறதா? விளிம்பில் தார் உடைந்து மண் தெரிகிறதா? யாரோ குழாய் பதித்து மூடிய நீளமான கோடு அமுங்கியிருக்கிறதா? நடைபாதையாக இருந்தால் மரவேர் கல்லைத் தூக்கியிருக்கிறதா, மூடி திருடு போயிருக்கிறதா, சக்கர நாற்காலி ஏறும் சரிவு இருக்கிறதா? இரண்டு படம் போதும்: ஒன்று கிட்டத்தில், ஒன்று வீட்டு எண்ணோ தெருப்பலகையோ தெரியும்படி சற்றுத் தள்ளி.

மூன்றாம் படி: புகார் எண்

எத்தெக்வினியின் கைபேசிச் செயலியில் பதியலாம், தொலைபேசியில் சொல்லலாம், நேரில் சிசகாலா மையத்துக்குப் போகலாம். சிசகாலா என்பது சுலு மொழிச் சொல், உதவி பெறுதல் என்று பொருள். நகராட்சியின் மக்கள் சேவை மையங்களுக்கு அந்தப் பெயர். தேசிய, மாகாணச் சாலைப் பள்ளங்களுக்கு 2022 ஆகஸ்டில் வாலா சோங்கே என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். "எல்லாவற்றையும் மூடு" என்று அர்த்தம். அதற்கும் ஒரு செயலி இருக்கிறது.

எந்த வழியில் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன வார்த்தை. ஒரு நோட்டில் தேதி, எண், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். தெருவில் பத்து வீடு இருந்தால் பத்து பேரும் தனித்தனியாகப் பதியட்டும். இந்த நோட்டு பின்னால் மனு எழுதும்போது கைகொடுக்கும்.

நான்காம் படி: எந்தத் தெரு முதலில்? பொறியாளர் பார்க்கும் கணக்கு

"அந்தத் தெருவில் நல்லா இருந்த ரோட்டையே புதுசாப் போட்டாங்க, நம்ம தெரு குண்டும் குழியுமாக் கிடக்கு" என்ற ஆதங்கத்தை எல்லாக் கோயில் வாசலிலும் கேட்கலாம். சில நேரம் அதில் நியாயம் இருக்கும். பல நேரம் காரணம் வேறு.

நகராட்சிகள் சாலைகளைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. அதற்குத் தேசிய அளவில் ஒரே கையேடு இருக்கிறது, டி.எம்.ஹெச். 9 என்று பெயர். விரிசல் எவ்வளவு, எத்தனை தூரம், பள்ளம் எத்தனை, விளிம்பு எப்படி என்று தனித்தனியாகக் குறித்து, கடைசியில் 0 முதல் 100 வரை ஒரே எண்ணாக்குவார்கள். 85க்கு மேல் மிக நன்று, 70 முதல் 85 வரை நன்று, 50 முதல் 70 வரை சுமார், 30 முதல் 50 வரை மோசம், அதற்குக் கீழே மிக மோசம்.

இந்த எண்ணைப் பார்த்து மிக மோசமானதை முதலில் எடுப்பதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கணக்கு அப்படி ஒத்துவருவதில்லை. சுமாராக இருக்கும் சாலைக்கு விரிசல் அடைத்து மேலே சீல் என்கிற மெல்லிய தார்ப்பூச்சைப் போட்டால் பொதுவாகப் பத்தாண்டுக்கு நெருக்கமாகத் தாங்கும். அதே சாலையை விட்டுவிட்டால் கீழ் அடுக்கு கெட்டு, தோண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டி வரும். பராமரிப்பை மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் செலவு ஆறு மடங்கு, ஐந்து ஆண்டு தள்ளினால் 18 மடங்கு என்பது சான்ரால் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. முழுக்க இடிந்துபோன ஒரு தெருவைக் கட்டும் பணத்தில், இடியப்போகும் பல தெருக்களைக் காப்பாற்றிவிடலாம். அதனால்தான் பார்வைக்கு "நல்லா இருக்கிற" தெருவில் வண்டி வந்து நிற்கிறது.

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணக்கு சரிதான், ஆனால் இடிந்துபோன தெருவில் இருப்பவரும் வரி கட்டுகிறார், அவர் வீட்டிலும் ஊன்றுகோலோடு நடக்கும் பாட்டி இருக்கிறார். காப்பாற்றும் வேலைக்கு ஒரு பங்கு, கட்டும் வேலைக்கு ஒரு பங்கு என்று இரண்டுக்கும் தனித்தனியாக ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணோடு சாலையின் வகுப்பையும் பார்ப்பார்கள். நாட்டில் சாலைகள் ஆறு வகுப்பு. குடியிருப்புத் தெரு ஐந்தாம் வகுப்பு, நடப்பவருக்கான பாதை ஆறாம் வகுப்பு. பேருந்தும் மினிபஸ் டாக்சியும் ஓடும் தெரு, பள்ளிக்கூடம், மருத்துவமனை வாசல் இவை முன்னால் வரும். உங்கள் தெருவில் டாக்சி ஓடுகிறது, காலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்றால் அதை மனுவில் எழுதுங்கள். மேசையில் இருப்பவருக்கு அது தானாகத் தெரியாது.

ஐந்தாம் படி: பணம் எங்கிருந்து?

"பெட்ரோல் போடும்போதே ரோட்டுக்கு வரி கட்டுகிறேனே" என்பார்கள். எரிபொருள் வரி சாலைக்கென்று தனியாகப் போகவில்லை. தேசியக் கருவூலத்தின் பொதுப் பெட்டிக்குப் போகிறது. லிட்டருக்கு இன்னொரு தொகை விபத்து நிதிக்குப் போகிறது. அது விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க, தார் போட அல்ல. வண்டி உரிமத்துக்கு ஆண்டுதோறும் கட்டுவது மாகாணத்துக்கு.

நகராட்சியின் கைக்கு வருவது இவைதான். முதலாவது, ரேட்ஸ். நம் ஊர்ச் சொத்து வரிதான், 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டின் சந்தை மதிப்பை வைத்துப் போடுகிறார்கள். பெருநகராட்சிகளில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும். குடியிருப்பு வீட்டின் மதிப்பில் முதல் 15,000 ரேண்டுக்கு வரி போடக் கூடாது என்பது சட்டம், அதற்கு மேல் சலுகை தருவது நகராட்சியின் விருப்பம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 12 லட்சம் ரேண்ட், ரேண்டுக்கு 1.2 சென்ட் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 போக 11,85,000. ஆண்டுக்கு 14,220, மாதம் 1,185 ரேண்ட். உண்மையான விகிதம் உங்கள் நகராட்சியின் கட்டணப் பட்டியலில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களும் "நாம் எங்கே கட்டுகிறோம்" என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இரண்டாவது, தேசிய வருவாயிலிருந்து வரும் சமபங்கு நிதி. பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படைச் சேவை தருவதற்கானது. மூன்றாவது, பெருநகராட்சிகளுக்கு மட்டும் பொது எரிபொருள் வரியில் ஒரு பங்கு. 2006இல் நின்றுபோன வட்டாரச் சேவை வரிக்கு ஈடாக 2009இல் தொடங்கியது. அதைச் சாலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்ற கட்டு இல்லை. நான்காவது, மானியங்கள். பெருநகராட்சிகளுக்கு 2011இல் தொடங்கிய நகரக் குடியிருப்பு மேம்பாட்டு மானியம் போன்றவை, சிறு நகராட்சிகளுக்கு நகராட்சி உட்கட்டமைப்பு மானியம். கடன் ஐந்தாவது.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகராட்சியின் வரவுசெலவில் இரண்டு பை இருக்கிறது. மூலதனச் செலவு ஒன்று, நடைமுறைச் செலவு மற்றொன்று. புதுச் சாலை, முழுதாகத் திரும்பக் கட்டுவது எல்லாம் முதல் பை. பள்ளம் மூடுவது, வடிகால் வாய் சுத்தம் செய்வது, புல் வெட்டுவது இரண்டாவது பை. மானியம் பெரும்பாலும் முதல் பைக்குத்தான் வரும். பள்ளம் மூட வேண்டிய பணம் பெரும்பாலும் ரேட்ஸிலிருந்தும் மற்றச் சொந்த வருமானத்திலிருந்தும்தான். வரி வசூல் குறைந்தால், குடிநீர் வீணாகிப் பணம் வராவிட்டால், முதலில் சுருங்குவது இந்த இரண்டாவது பை. புதுச் சாலைத் திறப்பு விழாவும் பக்கத்திலேயே பழைய சாலையில் பள்ளமும் ஒரே நேரத்தில் நடப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

தேசியக் கருவூலம் இதற்கு இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. சொத்துகளின் கணக்கு மதிப்பில் 8 சதவீதமாவது ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் போக வேண்டும். மூலதனச் செலவில் 40 சதவீதமாவது இருக்கும் சொத்துகளைப் புதுப்பிக்கப் போக வேண்டும். வரைவு வரவுசெலவு வெளிவந்ததும் அதில் இந்த இரண்டு எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். அவை அளவுகோலுக்கு எத்தனை தூரம் கீழே இருக்கின்றன என்று கேட்கும் ஒரு கேள்வி, பத்து புகைப்படத்துக்குச் சமம்.

ஆறாம் படி: நாட்காட்டி

இதை அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்வேன். நகராட்சியின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தேதிகள் 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தை ஒட்டி வருபவை.

ஆகஸ்ட் முடிவதற்குள், அதாவது புது ஆண்டுக்குப் பத்து மாதம் முன்பே, எந்தக் கூட்டம் எப்போது என்ற கால அட்டவணையை மேயர் மன்றத்தில் வைக்க வேண்டும். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கடுத்த மாதங்களில்தான் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்துக்கான தேவைகளை வார்டு வார்டாகச் சேகரிப்பார்கள். எல்லோரும் அதை ஐ.டி.பி. என்றுதான் சொல்வார்கள். ஐந்து ஆண்டுத் திட்டம், ஆண்டுதோறும் திருத்துவார்கள். அதில் உங்கள் தெருப் பெயர் ஏறவில்லை என்றால் பின்னால் பணம் ஒதுக்கச் சொல்வது கடினம். உங்கள் மனு போய்ச் சேர வேண்டிய காலம் இதுதான்.

ஜனவரி 25க்குள் அரையாண்டு நிலையைக் கணக்குப் பார்க்க வேண்டும். எங்கே பணம் செலவாகாமல் கிடக்கிறது என்று அப்போது தெரியும். பிப்ரவரி 28க்குள் திருத்த வரவுசெலவு. சிறிய வேலை ஒன்றை நடுவே நுழைக்க ஒரு சந்து இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

மார்ச் முடிவதற்குள் அடுத்த ஆண்டின் வரைவு வரவுசெலவு மன்றத்துக்கு வரும். உடனே அதை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டங்கள் நடக்கும். மே முடிவதற்குள் ஒப்புதலுக்கு எடுப்பார்கள். ஒப்புதல் ஆன 28 நாளுக்குள் எந்த வேலை எந்தக் காலாண்டில் என்று சொல்லும் செயல்திட்டத்தில் மேயர் கையெழுத்திட வேண்டும். வார்டு வார்டாக வேலை விவரம் அதில் இருக்கும். உங்கள் வார்டின் பக்கத்தைப் படித்துவிட்டால் அந்த ஆண்டு முழுக்க யாரும் உங்களுக்கு வெறும் வாய் வார்த்தை சொல்ல முடியாது.

ஏழாம் படி: மனு எழுதுவது

ஒரு பக்கம் போதும். தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, என்ன பழுது, யார் யார் அந்த வழியில் நடக்கிறார்கள், உங்கள் நோட்டில் இருக்கும் புகார் எண்கள், என்ன வேலை கேட்கிறீர்கள். கடைசி வரி முக்கியம். "சரிசெய்யவும்" என்பதைவிட "வடிகால் வாய்களைச் சுத்தம் செய்து, அதன்பின் 200 மீட்டருக்கு மேல்சீல் போடவும்" என்பது எடைபோடக்கூடிய கோரிக்கை.

மொழி ஆங்கிலமாகவோ சுலுவாகவோ இருக்கட்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை. ஆனால் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 1860இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கும் இடம் அது. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. நகராட்சி கருத்துக் கேட்டு அறிவிப்பு விடும்போது, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் வந்தால் ஊழியர் ஒருவர் எழுதிக்கொடுப்பார் என்று சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் அப்படிப் போய் எழுதி வைத்துவிட்டு வந்தார்.

எட்டாம் படி: கவுன்சிலரும் வார்டுக் குழுவும்

எத்தெக்வினியில் 111 வார்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சிலர். அவர் தலைமையில் பத்து பேர் வரை கொண்ட வார்டுக் குழு. உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

"நான் குடியுரிமை இல்லாதவன், எனக்கு ஓட்டு இல்லை, போகலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். தாராளமாகப் போகலாம். உள்ளூர்ச் சமூகம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் குடியிருப்போர், வரி கட்டுவோர், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் வருகிறார்கள். வந்து போகிறவர்கூட அங்கேயுள்ள சேவையைப் பயன்படுத்தினால் அதில் அடக்கம். விசா வகையை யாரும் கேட்கப்போவதில்லை.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது: இது ஐ.டி.பி.யில் ஏறியதா, எந்த ஆண்டு, எந்தப் பையிலிருந்து பணம்? கேட்கக் கூடாதது: "நீங்களே ஆளைப் பிடித்து வேலையைக் கொடுங்கள்." ஒப்பந்தப் புள்ளிக் குழுக்களில் கவுன்சிலர் உறுப்பினராகவோ பார்வையாளராகவோ உட்காரக் கூடாது என்று நிதிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு தடுக்கிறது. முடியாது என்று அவர் சொன்னால் அது உங்களை ஒதுக்குவதாகாது. பக்கத்தில் வரிசெலுத்துவோர் சங்கம் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். கோயில் கமிட்டியும் ஒரு கடிதம் கொடுத்தால் கனம் கூடும்.

ஒன்பதாம் படி: வேலை நடக்கும்போது

பள்ளம் மூடுவதை ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே ஒட்டு நிற்குமா பெயருமா என்று தெரியும். கெட்ட பகுதியைச் சதுரமாக, திடமான தார் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே ஈரமும் தூசும் இருக்கக் கூடாது. ஓரங்களில் ஒட்டுத்தார் பூச வேண்டும். அடுக்கடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் படம் எடுத்து அன்றே புகார் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். ஆனால் வெயிலில் நிற்கும் தொழிலாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் கையில் இருக்கும் சாமானை அவர் முடிவு செய்யவில்லை. தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள்.

கேபிள் பதிக்கத் தோண்டுகிறவர்களைக் கூர்ந்து கவனியுங்கள். தோண்ட நகராட்சியின் அனுமதி வேண்டும், தோண்டிய இடத்தை முன்போல் ஆக்கிவிட்டுப் போவது அவர்கள் கடமை. எங்கள் தெருவில் ஒரு நிறுவனம் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிப் போனது. அனுமதி எண் எழுதிய பலகையை வேலை நடந்த நாளிலேயே படம் எடுத்து வைத்திருந்த ஒரே வீட்டால்தான் அவர்களைத் திரும்ப வரவைக்க முடிந்தது.

உங்கள் வீட்டு வாசல்

மதிலுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் புல்தரை உங்களுடையது இல்லை, சாலை நிலத்தின் ஒரு பகுதி. அதன் அடியில்தான் குழாயும் கம்பியும் போகின்றன. அங்கே சுவர் எழுப்புவது, கல் பதிப்பது, வண்டி ஏற ஓரக்கல்லை உடைப்பது எதுவானாலும் முதலில் கேளுங்கள். கூரையில் விழும் மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது. விட்டால் பெருமழையன்று மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவு தெருவுக்கு வரும். பூஜை முடிந்த மாலை, வாழை இலை, தேங்காய் ஓடு இவற்றை ஓரக்கல் வாயருகே வைக்காதீர்கள், தயவுசெய்து. சாமிக்குச் சாத்திய பூ அடைத்து அடுத்த வீட்டுக்குள் தண்ணீர் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தில் விழுந்து வண்டிக்கோ உடம்புக்கோ சேதம் வந்து இழப்பீடு கேட்பதென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம் அதைச் சொல்கிறது. அன்றைய படம், அளவு, சாட்சி, பழுதுபார்த்த ரசீது எல்லாம் தேவைப்படும். பெரிய தொகை என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

காவடி ஊர்வலம் போகும் தெரு உங்களுடையது என்றால் இன்னொன்று. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை கட்டுமானத் தொழில் நாடு முழுக்க விடுமுறையில் இருக்கும். அதனால் அக்டோபரிலேயே கமிட்டி ஆட்கள் இருவர் வழி முழுக்க நடந்து, தளர்ந்த கல், திறந்த குழி, விளிம்பு உடைந்த இடம் ஒவ்வொன்றையும் குறித்து, நவம்பர் முதல் வாரத்துக்குள் புகார் எண்களோடு சாலைப் பராமரிப்புப் பிரிவிடமும் கவுன்சிலரிடமும் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் இந்த ஆண்டு நடக்கப் போகிறவர்களில் அந்த அக்காவும் ஒருவர். அவரே வந்து வழியைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.